அலுகோசு வேடம்

லவால்
29 ஏப்ரல் 2025

சவிரிமுத்து அண்ணைக்கு,

ஐந்து தரம் போன் எடுத்தேன். நீங்கள் பதில் சொல்லுகிற பாடில்லை. இல்-பிசாருக்கு பஸ் பிடித்து வந்து கதவைத் தட்ட எனக்கு நேரமில்லை, ஆற்றைக் கடக்கிற கோடைப் படகு ஓடவும் இன்னும் நாள் கிடக்கிறது. ஆகவே முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். கடிதத்தையாவது பாதியில் போட்டுவிட்டு எழும்பிப் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை ஒத்திகையில் உங்களுக்கு என்ன வந்தது? றஜிந்தன் அந்தத் தூக்குக் கயிற்றோடு கால்மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றான். நீங்கள் "கொண்டா இங்கை" என்று வாங்கி, வேறெங்கேயோ பார்த்தபடி ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த நிமிடம் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டீர்கள். ஃபாதர் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

நாடகப் பிரதியை இதற்குள் வைத்திருக்கிறேன். ஜூன் 15 ஞாயிறு, அந்தோனியார் திருநாள் பூசை முடிந்து, சனத்துக்கு மந்திரித்த பாண் பிய்த்துக் கொடுத்த கையோடு மேடையேற வேண்டும். இந்த முறை நாங்கள் இருக்கிற ஊரின் கதை. ஷாம்-து-மார்ஸ் மெற்றோவால் வெளியே வந்தால் ஒரு சின்னத் திடல் இருக்கிறதே, அதற்குப் பெயர் கொடுத்த ஆன்ஜெலிக்கின் கதை. பிரெஞ்சில் இருந்த பழைய பத்திரங்களை என் மகள் றொஷினி வாசித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1734இல் மொன்றியலில் நாற்பத்தைந்து வீடும் ஆஸ்பத்திரியும் எரிந்துபோயின. ஒரு வெள்ளைக்கார விதவை வீட்டில் அடிமையாக இருந்த இந்தக் கறுப்புப் பெண்தான் கொளுத்தினாள் என்று பிடித்தார்கள். காலைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி, ஆப்பு வைத்து அடித்து, "நான்தான்" என்று சொல்ல வைத்தார்கள். குப்பை வண்டியில் ஏற்றிக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முழங்காலில் இருத்தி, கடவுளிடமும் அரசனிடமும் நீதியிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். பிறகு தூக்கிலே போட்டு, உடம்பை எரித்து, சாம்பலைக் காற்றிலே விட்டார்கள்.

ஆன்ஜெலிக் நான். தூக்குப் போடுகிற அலுகோசு நீங்கள். உங்கள் உயரத்துக்கும் குரலுக்கும் வேறு ஆள் இல்லை. கயிற்றை உதறிக்கொண்டு நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் மண்டபம் நடுங்க வேண்டும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஐந்து வயதுப் பெண்பிள்ளையும் ஒன்று. ஆன்ஜெலிக் தணல் அள்ளிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போனதைக் கண்டேன் என்றதாம். ஞானோபதேச வகுப்பில் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தலாம் என்கிறார் ஃபாதர். எனக்கு மனமில்லை. பகல் முழுக்கப் பிள்ளை பராமரிக்கிற கார்டெறியில் ஐந்து வயதுகளோடுதான் கிடந்து மாரடிக்கிறேன். மேடையில் ஏறினால் அழும், இல்லாவிட்டால் தாயைத் தேடும்.

வருகிற சனி கட்டாயம் வாருங்கள்.

அக்னெஸ்


சேசு மரி சூசை

இல்-பிசார்
6 மே 2025

தங்கச்சி அக்னெஸுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. போன் எடுக்காததுக்குக் குறை நினைக்க வேண்டாம். போனில் எனக்குக் கதை வராது. முழங்கால் நோ, பஸ் இல்லை, மகன் டினோஜனுக்கு என்னை ஏற்றி இறக்க நேரமில்லை என்று நாலு சாட்டு எழுதினேன். பேந்து வெட்டிவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்கு அந்த வேடம் வேண்டாம்.

பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். நல்லாய் எழுதியிருக்கிறீர். ஒரு குறை சொல்ல வேண்டும். அலுகோசு ஏன் சிரிக்கிறான்?

நான் பூக்கன்று வளர்க்கிற இடத்தில் வேலை செய்கிறது உமக்குத் தெரியும். என்னோடு ஒரு ஹெய்ற்றிக்காரர் நிற்கிறார். அவருக்கு இந்தக் கதை தண்ணீர்பட்ட பாடு. தூக்குப் போட்டவனும் அடிமைதானாம். அந்த வேலைக்கு இங்கே ஒருத்தரும் ஒழுங்காக நிற்கவில்லை என்று மார்த்தினீக் தீவிலிருந்து ஒரு கறுப்பு ஆளை அரசாங்கமே விலைக்கு வாங்கி இறக்கினதாம். மத்தியூ என்று பெயர். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, எந்த நேரமும் வருத்தம் வந்து பாயில் கிடந்தானாம். ஆள் சரியாகட்டும் என்று பிறகு ஒரு அடிமைப் பெண்ணையும் அவனுக்குக் கட்டிவைக்கக் கொண்டுவந்தார்களாம். கலியாணத்துக்கு முன்னம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். இதைக் கேட்ட நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவன் விரும்பி வந்தவனில்லை, தங்கச்சி. மாட்டேன் என்றால் அவனை என்ன செய்திருப்பார்கள் என்று ஒருக்கால் நினைத்துப் பாரும். அந்தச் சிரிப்பை வெட்டிவிடும். அவன் சிரித்திருக்கமாட்டான்.

இன்னொன்று. அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்ற வேண்டாம். ஃபாதர் எவ்வளவு சொன்னாலும் சரி. உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சவிரிமுத்து


லவால்
12 மே 2025

சவிரிமுத்து அண்ணைக்கு,

அலுகோசுக்காக இவ்வளவு உருகுகிற ஒருவரை இப்போதுதான் காண்கிறேன். காலில் ஆப்பு அடிபட்டவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அவளால் நடக்க ஏலாமல்தான் குப்பை வண்டி. "என்னைத் தூக்கிலே போடுங்கள்" என்று அவளே கெஞ்சினாளாம், அந்த ஆப்பு நிற்கட்டும் என்று. உங்களுக்கு என்னடாவென்றால் தூக்குப் போட்டவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் பெரிய விசாரமாக இருக்கிறது.

சரி, கோபிக்க வேண்டாம். சிரிப்பை வெட்டிவிட்டேன். பதிலுக்கு ஒரு பக்கம் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன். கோயில் வாசல் காட்சி. இனி ஆன்ஜெலிக் முழங்காலில் இல்லை. அவள் நிற்கிறாள். அலுகோசுதான் சனத்தைப் பார்த்து முழங்காலில் இருக்கிறான். "நான்தான் கட்டினேன். இந்தக் கையால் கட்டினேன். சனமே, என்னை மன்னியுங்கள்." மூன்று வரிதான், பாடமாக்க அதிக நேரம் போகாது.

"இப்படி நடக்கேல்லையே அக்னெஸ்" என்று ஃபாதர் முகம் சுளித்தார். "நாடகம்தானே ஃபாதர்" என்றேன்.

பிள்ளையை ஏற்றவில்லை. அதிலே உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதிலே நீங்கள் என் பேச்சைக் கேட்க வேண்டும்.

அக்னெஸ்


சேசு மரி சூசை

இல்-பிசார்
17 மே 2025

தங்கச்சி,

முழங்கால் காட்சி என்னால் ஏலாது. வேறு ஆளைப் பாரும். றஜிந்தன் உயரம் குறைவு என்றாலும் துடியான பெடியன். முடிச்சை அவனுக்குப் பழக்கிவிடுகிறேன். திருநாளுக்கு வாறன், மேசை கதிரை தூக்க வாறன், பாண் கூடை சுமக்க வாறன். மேடையில் மட்டும் என்னை ஏற்ற வேண்டாம்.

சவிரிமுத்து


லவால்
24 மே 2025

சவிரிமுத்து,

இனி அண்ணை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். இங்கே லவாலில் ஒரு செத்தவீட்டில் ஜெகதீஸ்வரி அக்காவைக் கண்டேன். மன்னாரில் எங்களுக்குப் பக்கத்து வளவு அவ. நீங்கள் வந்து கடைசி வரிசையில் இருந்ததும் அவ என் கையைப் பிடித்து இழுத்தா. "உவன்தானடி அக்னெஸ், உன்ரை அப்பரைக் கட்டினவன்" என்றா. அன்றிலிருந்து கோயிலில் எனக்குப் பின்னால் உங்கள் இருமல் கேட்டால் எனக்குச் செபம் வராது. நாடகம் எழுதியதே உங்களுக்காகத்தான். உயரம், குரல் என்று எழுதியதெல்லாம் பொய்.

நான் யார் என்று உங்களுக்கும் தெரியும். தெரியாமலா வேடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினீர்கள்?

1986, அந்தோனியார் திருநாள். எனக்கு ஆறு வயது. என் அப்பா கிறிஸ்தோப்பர் எங்கள் அந்தோனியார் கோயிலைப் பார்த்துக்கொண்டவர். செவ்வாய்க்கிழமைகளில் மந்திரித்த பாண் கொடுக்கிறவர். அந்தப் பாணைக் கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது, எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். சென்றிப் பொயின்றில் காவல் நின்ற சிலாபத்து ஆமிக்காரன் ஒருவனும் எங்களைப் போல வேதக்காரன், கத்தோலிக்கன். அவன் வந்து கேட்டான். அப்பா கொடுத்தார். அதற்குக் காட்டிக்கொடுத்தான் என்று பெயர் வைத்துக்கொண்டு இயக்கக்காரர் வந்தார்கள். எங்கள் கோயில் வாசலிலேயே அப்பாவை முழங்காலில் இருத்தி, சனத்திடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "நான் செய்தது பிழையெண்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கேட்டார், பாவி மனுஷன். அதற்குப் பிறகு கரன்ட் போஸ்ற்றில் கட்டினார்கள். கட்டினது நீங்கள். சுட்டதும் நீங்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டே இரண்டுதான். ஒன்று, என் கையில் இருந்த பாண் துண்டு. மற்றது அம்மாவின் உள்ளங்கை. நான் குழறி அழுதுவிடாமல் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. பொத்தின பொத்தில் என் சொண்டு பல்லில் வெட்டுப்பட்டு இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா அந்தோனியார் பாணைத் தொடவில்லை. என்னைக் கட்டிப்பிடித்ததும் குறைவுதான்.

மத்தியூவுக்காக உருகினீர்களே, அப்போதே உங்கள் மனதுக்குள் யார் இருந்தார் என்று விளங்கிவிட்டது. எனக்கு உங்கள் கதை வேண்டாம். எனக்கு வேண்டியது மூன்று வரி. என் அப்பா இருந்த மாதிரி முழங்காலில் இருந்து, சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் மேடையில் ஏறி உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவேன். அன்றைக்குத்தான் உங்கள் பேத்தி பூசையில் முதல் நன்மை எடுக்கிறாள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு இருப்பாள். எந்த விதமாகக் கேட்கட்டும் என்று நீங்களே முடிவெடுங்கள்.

அக்னெஸ்


சேசு மரி சூசை

இல்-பிசார்
2 ஜூன் 2025

பிள்ளை அக்னெஸ்,

ஒரு கிழமையாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இதை அனுப்புகிறேன்.

நீர் எழுதினது சரி. கட்டினதும் நான், சுட்டதும் நான். உம்மை இந்தக் கோயிலில் முதன்முதல் கண்ட அன்றே கிறிஸ்தோப்பரின் மகள் என்று தெரியும். அவருடைய நாடியும் முகவெட்டும் உமக்கு அப்படியே இருக்கிறது. அதனால்தான் கடைசி வரிசையில் இருந்து, பூசை முடிய முன்னம் எழும்பிப் போகிறேன்.

என் கதை வேண்டாம் என்றீர். நாலு வரி மட்டும் பொறுத்துக்கொள்ளும். நான் இயக்கத்தில் இருந்தவனில்லை. இயக்கத்தின் மறியல் சிறையில் கிடந்தவன். அவங்களைக் கேளாமல் சனத்தைப் படகில் இராமேஸ்வரத்துக்கு ஏற்றினேன் என்று பிடித்து, மூன்று மாதம் வைத்து அடித்தார்கள். உள்ளங்கால் இரண்டும் வெடித்துப்போய்க் கிடந்தது. அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, "நீ கட்டுறியோ, உன்னைக் கட்டவோ?" எண்டு கேட்டாங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கட்டினேன். பேந்து வேறு இடங்களில் இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகுதான் ஓடினேன். இதைச் சொல்லி மன்னிப்பு வாங்க வரவில்லை. அந்த இரண்டு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இனி எழுதப்போவதை எழுதாமல் என் குழிக்குள் கொண்டுபோக இருந்தனான். பிள்ளையை மேடையில் ஏற்ற வேண்டாம் என்று உம்மைக் கும்பிட்டது அதுக்காகத்தான். ஆனால் நீர் மேடையில் அப்பாவின் பெயரைச் சொல்லப்போகிறீர். மண்டபத்தில் மன்னார்ச் சனம் பத்துப் பேராவது இருக்கும். ஒருத்தர் எழும்பி, மைக் முன்னால் உமக்கு இதைச் சொல்லிவிட்டால் நீர் தாங்கமாட்டீர். அதுதான் நான் முந்துகிறேன். ஒரு பங்கு எனக்காகவும்தான். பொய் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு அவங்கள் சாட்சி கேட்டாங்கள். ஆமிக்குப் பாண் போனது ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவங்களின் பொறுப்பாளன் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற ஒரு சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினான். கையில் பாண் துண்டு வைத்திருந்த பிள்ளை.

"அப்பா ஆருக்கெல்லாம் பாண் குடுக்கிறவர்?"

"எல்லாருக்கும். ஆமி மாமாவுக்கும்."

"எப்ப குடுத்தவர்?"

"ஒவ்வொரு செவ்வாயும். ஆமி மாமா எனக்கு இனிப்பு ரொபி தந்தவர்."

அப்பாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். அவன் எழும்பி, "பிள்ளையே சொல்லிப்போட்டுது" எண்டு சனத்தைப் பார்த்துச் சிரிச்சான். அன்றைக்குச் சிரித்தவன் அவன். கயிற்றோடு நின்றவன் சிரிக்கவில்லை.

அதுக்குப் பிறகுதான் உம்முடைய அம்மா சனத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்து உமது வாயைப் பொத்தினவ. நீர் அழவில்லை, பிள்ளை. நீர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தீர்.

உமக்கு ஆறு வயது. உம்மிலே ஒரு பிழையும் இல்லை. கர்த்தர் அறிய எழுதுகிறேன்.

சவிரிமுத்து


லவால்
10 ஜூன் 2025

சவிரிமுத்து,

ஜெகதீஸ்வரி அக்காவுக்குப் போன் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "விடு பிள்ளை, நீ அப்ப சின்னன்" என்றா. எனக்கு அது போதும்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நேற்றுப் போனேன். ஒரு கோப்பை உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கேட்டேன். அது என் முகத்தைப் பார்த்தது, நான் எதை விரும்புகிறேன் என்று தேடியது, பிறகு தன்னுடைய உயிர்ச் சிநேகிதியைக் கைகாட்டியது. "மெர்சி" என்று நன்றி சொன்னேன். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு ரொயிலற்றுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாக நான் அந்தக் கேள்வியை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவவுக்கு என்ன தெரிந்திருக்கும்? யாராவது விருந்தாளி என்னோடு கதை கொடுத்தால் குசினியிலிருந்து ஓடி வருவா. நான் வளர்ந்த பிறகும் அப்படித்தான். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஒன்று விளங்கிக்கொள்ளுங்கள். மூன்று வரி சொல்லி முழங்காலில் இருக்க உங்களுக்கு ஐந்து நிமிடம் போயிருக்கும். அது ஏலாமல், முப்பத்தொன்பது வருஷம் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். ஒரு பங்கு எனக்காகவும் என்று எழுதினீர்கள். அந்தப் பங்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். முதல் முறை அவர்கள் உங்களை மிரட்டினார்கள், அப்பாவைக் கட்டினீர்கள். இந்த முறை நான் மிரட்டினேன், என்னைக் கட்டிவிட்டீர்கள். முடிச்சுப் போட உங்களை யாரும் பழக்கத் தேவையில்லை.

முழங்கால் காட்சியை வெட்டிவிட்டேன். பத்திரத்தில் உள்ளபடியே போகட்டும். அலுகோசு நீங்கள்தான். வராமல் விட்டால் நடக்கப்போவது என்னுடைய போன கடிதத்தில் இருக்கிறது. ஆன்ஜெலிக் வேடத்தில் இனி றொஷினி நிற்கிறாள். அவளுக்குப் பதினெட்டு வயது, தாத்தா ஏதோ நோய் வருத்தத்தில் செத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கழுத்தில் கயிற்றை நீங்கள் போட வேண்டும். பார்த்துப் போடுங்கள்.

பிள்ளையின் காட்சியைச் சேர்த்துவிட்டேன். ஃபாதருக்கு நல்ல சந்தோஷம். ஆனால் ஞானோபதேசப் பிள்ளைகள் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வேடத்துக்கு நான் நிற்கிறேன். நாற்பத்தைந்து வயதுப் பொம்பிளை குட்டைச் சட்டையோடு நின்றால் சனம் சிரிக்கும் என்கிறான் றஜிந்தன். சிரிக்கட்டும். கையில் ஒரு பாண் துண்டு வைத்திருப்பேன், அன்றைக்கு மந்திரித்த பாண். பிள்ளைக்கு இருப்பது ஒரே வரி. "நான் கண்டனான்."

அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். வாயில் வருவதைச் சொல்லுவேன். மன்னார்ச் சனம் இருக்கும், உங்கள் பேத்தி முன்வரிசையில் இருப்பாள், றொஷினி கயிற்றோடு எனக்குப் பக்கத்தில் நிற்பாள். இந்த முறை ஓடி வந்து பொத்துவதற்கு அம்மா இல்லை.

ஞாயிறு நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

கிறிஸ்தோப்பரின் மகள்
அக்னெஸ்